70 டிகிரியா, உருகினால் போதுமா? வீட்டு லோஷனுக்கும் கண்டிஷனருக்கும் சூடாக்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் மெழுகான எமல்சிஃபையிங் வேக்ஸ் 50 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கிவிடும். பாக்கெட்டிலும் ஏறக்குறைய அந்த எண்தான் இருக்கும். அதைப் பார்த்து, மெழுகு உருகியதும் அடுப்பை அணைத்துவிட்டு, அறைச் சூட்டில் இருக்கும் தண்ணீரை ஊற்றிக் கலக்குகிறவர்கள் உண்டு. லோஷன் கெடத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் காரணம் புரியும். எண்ணெயும் மெழுகும் சேர்ந்த பகுதி 50 கிராம், 75 டிகிரியில் இருக்கிறது. தண்ணீர் 150 கிராம், 30 டிகிரியில். எண்ணெயைவிடத் தண்ணீர் ஒரு கிராமுக்கு இரண்டு மடங்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். அளவும் மூன்று மடங்கு. இரண்டும் சேர்ந்த நொடியில் கலவை சுமார் 36 டிகிரிக்கு வந்து நிற்கும். மெழுகு அந்தச் சூட்டில் கட்டியாகத்தான் இருக்கும். எண்ணெய்த் துளிகளைச் சுற்றிப் படர வேண்டிய எமல்சிஃபையர், படரும் முன்பே உறைந்து செதிலாக மிதக்கும். தண்ணீரை 50 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றினாலும் கலவை சுமார் 54 டிகிரிதான் வரும். எமல்சிஃபையிங் வேக்ஸ் அதில் தப்பிப் பிழைக்கலாம், கண்டிஷனருக்குப் போடும் பி.டி.எம்.எஸ். (பெஹென்ட்ரிமோனியம் மெத்தோசல்ஃபேட்) என்ற எமல்சிஃபையர் பிழைக்காது.

ஆக, உருகுநிலை என்பது தாண்ட வேண்டிய வாசற்படி மட்டுமே. கலக்கும் போதும், கலந்த பின் ஓரிரு நிமிடமும், மொத்தக் கலவையும் அந்தப் படிக்கு மேலேயே இருக்க வேண்டும். கீழே ஒப்பிடும் ஐந்து முறைகளையும் இந்த அளவுகோலை வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

இரண்டு பகுதியையும் சூடாக்கி நிறுத்தி வைப்பது

நீர்ப் பகுதி ஒரு பாத்திரத்தில், எண்ணெய்ப் பகுதி இன்னொன்றில். இரண்டையும் ஒரே அகலப் பாத்திரத்து வெந்நீரில் இறக்கி, இரண்டும் 70 முதல் 75 டிகிரி வந்ததும் 20 நிமிடம் அதே சூட்டில் நிறுத்தி, பிறகு கலப்பது. நேரம் அதிகம் பிடிக்கும். பாத்திரமும் கூடுதலாகக் கழுவ வேண்டும். ஆனால் முதன்முறை செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டிய வழி இதுதான்.

இந்த 20 நிமிடம் எதற்கு என்பதில் குழப்பம் நிறைய இருக்கிறது. கிருமி சாக வேண்டும் என்பதற்காக என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. அந்தச் சூட்டில் சாதாரண பாக்டீரியா பெரும்பாலும் சாகும்; ஆனால் வித்து வடிவில் இருப்பவை சாகாது. ஆறிய பிறகு காற்றிலிருந்தும் கரண்டியிலிருந்தும் வந்து விழும் கிருமிக்கு இந்தச் சூட்டால் எந்தத் தடையும் இல்லை. சூட்டில் நிறுத்தினோம், பிரிசர்வேட்டிவ் (கிருமி வளராமல் தடுக்கும் பொருள்) தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீர் சேர்ந்த எந்த லோஷனுக்கும் பிரிசர்வேட்டிவ் கட்டாயம்.

20 நிமிடத்தின் நிஜமான பயன் உருகுவதில் இருக்கிறது. தெர்மாமீட்டர் 70 காட்டும்போது பாத்திரத்தின் நடுவில் மிதக்கும் செதில் இன்னும் 60-இல் இருக்கலாம். லோஷனுக்குக் கெட்டி கொடுக்கும் ஸ்டியரிக் அமிலம் முழுதாக உருக 69 டிகிரி வேண்டும். தேன்மெழுகுக்கு 62 முதல் 64. அதேபோல் கெட்டி கொடுக்கும் மெழுகு போன்ற சீட்டைல் ஆல்கஹாலுக்கு 49, 50. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்போது கடைசிச் செதில் வரை உருக அவகாசம் தேவைப்படும். ஷியா பட்டர் என்ற தாவரக் கொழுப்பு போட்டிருந்தால் அதன் பழைய படிகங்கள் எல்லாம் கரைந்து போவதற்கும் இதே அவகாசம் உதவும்.

இந்த முறையில் ஒரு கண்ணி உண்டு: ஆவி. திறந்த பாத்திரத்தில் 150 கிராம் தண்ணீர் 20 நிமிடத்தில் பல கிராம் குறைந்துவிடும். தொடங்கும் முன் பாத்திரத்தோடு எடை போட்டுக் குறித்து வையுங்கள். கலக்கும் முன் வெளிப்புற ஈரத்தைத் துடைத்து மறுபடி எடை போட்டு, குறைந்ததைத் தனியே சுடவைத்த டிஸ்டில்ட் வாட்டரால் ஈடுகட்டுங்கள். அலுமினியத் தாளால் மூடி வைத்தால் இழப்பு குறையும். எடை பார்க்காமல் விட்டால் ஒவ்வொரு முறையும் லோஷன் வேறு வேறு கெட்டியில் வரும். எதனால் என்று பிடிபடவே பிடிபடாது.

உருகியவுடன் கலப்பது

மேலே சொன்னதையே 20 நிமிடக் காத்திருப்பு இல்லாமல் செய்வது. எண்ணெய்ப் பகுதி கண்ணாடி மாதிரித் தெளிந்து, அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு செதில்கூட இல்லை. இரண்டு பகுதியும் 70 டிகிரிக்கு மேல். நீர்ப் பகுதிக்குப் போன தண்ணீர் முன்பே கொதிக்க வைத்தது. இத்தனையும் உறுதி என்றால் உடனே கலக்கலாம். எமல்சிஃபையிங் வேக்ஸும் திரவ எண்ணெயும் மட்டும் உள்ள எளிய லோஷனுக்கு இது போதும். ஸ்டியரிக் அமிலம், ஷியா பட்டர், தேன்மெழுகு, பி.டி.எம்.எஸ். ஆகியவற்றில் எது இருந்தாலும் போதாது. மிச்சப்படும் 20 நிமிடத்துக்காக ஒரு பாட்டில் கரடுமுரடான லோஷனைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்பதே எங்கள் கருத்து.

எல்லாம் ஒரே பாத்திரத்தில்

தண்ணீர், எண்ணெய், எமல்சிஃபையர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 75 டிகிரிக்கு ஏற்றிக் கலப்பது. கண்டிஷனருக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். பி.டி.எம்.எஸ். நேர்மின் தன்மை கொண்டது, சுடுநீரிலேயே தானாக விரிந்து பரவும். எண்ணெய் மிகக் குறைவாக உள்ள கண்டிஷனரில் தனித்தனிப் பாத்திரம் வைப்பதால் பெரிய லாபம் கிடையாது.

லோஷனில் சிக்கல் வருகிறது. 60 டிகிரி தாண்டியதும் கலவை பாலாக மாறிவிடும், உள்ளே உருகாத செதில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரே பாத்திர முறையில் 20 நிமிட நிறுத்தத்தை ஒருபோதும் குறைக்கக் கூடாது. ஆவியாகிப் போன தண்ணீரையும் மொத்த எடையை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பாதி சூடு, பாதி குளிர்

தொழிற்சாலைகளில் எரிபொருளையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்கச் செய்வது இது. தண்ணீரில் ஒரு பகுதியை மட்டும் எண்ணெய்ப் பகுதியோடு 75 டிகிரியில் சேர்த்து, கெட்டியான பால்மம் (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்ந்த கலவை) உருவானதும், மீதித் தண்ணீரை அறைச் சூட்டிலேயே மெல்லிய தாரையாக விடுவது. துளிகள் ஏற்கெனவே எமல்சிஃபையரால் போர்த்தப்பட்டுவிட்டதால் பின்னால் வரும் குளிர்நீர் அவற்றைக் கலைக்காது.

200 கிராம் கண்டிஷனரில் 100 கிராம் தண்ணீரோடு மற்றதைச் சூடாக்கி, பால்மம் ஆனதும் 71 கிராமை 30 டிகிரியில் சேர்த்தால் கலவை 57 டிகிரிக்கு வரும். சீட்டைல் ஆல்கஹாலின் உருகுநிலைக்கு அது மேலேதான், பயமில்லை. இதற்குமேல் குளிர்நீரைக் கூட்டினால் நெய் உறைவது போல மணல் மணலாகத் திரளும். அந்தக் குளிர்நீர் சூட்டைப் பார்க்காத நீர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கொதிக்க வைத்து, மூடியபடியே ஆறவிட்ட டிஸ்டில்ட் வாட்டராக இருக்கட்டும். சென்னை மே மாதத்தில் 75 டிகிரி லோஷன் 45-க்கு இறங்கச் சோம்பல் பிடித்தது போல நேரம் எடுக்கும். அங்கே இந்த முறை உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனாலும் முதல் வழியில் நாலைந்து தடவை நன்றாக வந்த பிறகே இதற்கு வாருங்கள்.

சூடே வேண்டாத எமல்சிஃபையர்கள்

செபிஜெல் 305 போன்ற பாலிமர் வகைகள் அறைச் சூட்டிலேயே எண்ணெயையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். 2, 3 சதவீதம் சேர்த்து அடித்தால் சில நிமிடத்தில் ஜெல் கிரீம் தயார். முகத்துக்கு லேசாகத் தடவ அருமையான பதம். வைட்டமின் சி மாதிரி சூடு ஆகாத பொருள்களுக்கும் நல்லது போலத் தோன்றும். ஆனால் பாலிமர் உப்பைத் தாங்காது. கற்றாழைச் சாறு, ஈரம் பிடிக்கச் சேர்க்கும் சோடியம் பி.சி.ஏ., உப்பு வடிவ வைட்டமின்கள் எதைக் கூடுதலாகப் போட்டாலும் நீர்த்துவிடும். மெழுகோ ஷியா பட்டரோ போட முடியாது, போட்டால் அவற்றை உருக்க மறுபடி அடுப்பு வேண்டும். கண்டிஷனருக்கு இது எந்த வகையிலும் மாற்று இல்லை. சேதமான முடி எதிர்மின் தன்மை உடையது. அதில் போய் ஒட்டும் நேர்மின் பொருள்தான் சிக்கை எடுக்கும். சூடும் கிடையாது என்பதால் தண்ணீர், பாத்திரம், கை மூன்றின் சுத்தத்தையே முழுதாக நம்ப வேண்டியிருக்கும்.

எதில் சூடாக்குவது

நேரடித் தீ வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பகுதி 20, 50 கிராம்தான். அடியில் 120 டிகிரியும் மேலே உருகாத கட்டியுமாக நிற்கும். மைக்ரோவேவ் தண்ணீரை நன்றாகச் சூடாக்கும், மெழுகையும் கொழுப்பையும் அவ்வளவாகச் சூடாக்காது, அதுவும் ஒரே சீராக இருக்காது. அசையாமல் சூடான தண்ணீர் கொதிநிலை தாண்டியும் சலனமில்லாமல் நின்று, கரண்டி பட்டதும் பொங்கித் தெறிக்கக்கூடும். நீர்ப் பகுதிக்கு மைக்ரோவேவ் பயன்படுத்தினால் 20 நொடிக்கு ஒருமுறை நிறுத்திக் கிளறுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் 80 என்று வைத்தால் அது கண்ணாடித் தட்டின் சூடே தவிர உள்ளே இருக்கும் கலவையின் சூடு அல்ல.

மிஞ்சுவது வெந்நீர்ப் பாத்திரம். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அடியில் மடித்த துணி போட்டு, அதன்மேல் போரோசிலிகேட் பீக்கரையோ எவர்சில்வர் டம்ளரையோ இறக்குங்கள். வெளித் தண்ணீரின் மட்டம் உள்ளே உள்ளதைவிட ஒரு விரல் உயரமாக இருக்கட்டும். வெளித் தண்ணீர் 80 டிகிரி அளவில் மெல்ல ஆவி விட்டால் போதும், தளதளவென்று கொதித்தால் உள்ளே 90-ஐத் தொட்டுவிடும். அலுமினியப் பாத்திரம் எடுக்காதீர்கள், கடைசியில் சேர்க்கும் சிட்ரிக் அமிலத்தோடு அதற்கு ஒத்துவராது.

தெர்மாமீட்டர் கம்பி உள்ளே இறங்கும் டிஜிட்டல் வகையாக இருக்க வேண்டும். லேசர் காட்டும் துப்பாக்கி வகை மேற்பரப்பை மட்டும் அளக்கும்; பளபளக்கும் எவர்சில்வரில் அதையும் தப்பாகச் சொல்லும். ஐஸ் தண்ணீரில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் இருப்பவர்களுக்குக் கொதிநீர் சுமார் 93 காட்டினால் கருவி சரியாகவே இருக்கிறது என்று பொருள்.

எமல்சிஃபையருக்குத் தக்க சூடு

எமல்சிஃபையிங் வேக்ஸ் என்.எஃப். என்பது சீட்டியரைல் ஆல்கஹாலும் பாலிசார்பேட் 60-உம். மன்னிக்கும் குணம் உள்ளது. 70 டிகிரி போதும். 85-க்கு மேல் ஏற்றினால் பாலிசார்பேட் தண்ணீரோடு வைத்திருக்கும் பிடி தளர்ந்து, கலவை பிரிந்தது போலக் காட்டும். பதறாமல் கிளறியபடி ஆறவிட்டால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

பி.டி.எம்.எஸ். இரண்டு வகை. 25 என்பதில் கால் பங்குதான் செயல்படும் பொருள், மீதி சீட்டியரைல் ஆல்கஹால். 50 என்பதில் பாதி. 8 கிராம் 50-க்குப் பதிலாக 25 போட்டால் 12 முதல் 16 கிராம் வேண்டும். இரண்டையும் 75 டிகிரிக்கே கொண்டு போங்கள். கெட்டியாக்கும் சாந்தன் கம், கார்போமர், நுரைக்கும் சல்ஃபேட் எதையும் இதோடு சேர்க்காதீர்கள். எதிரெதிர் மின்தன்மை சேர்ந்து பிசுபிசுவென்று திரிந்துவிடும், எத்தனை சூடும் அதைச் சரிசெய்யாது.

ஒலிவம் 1000 என்ற எமல்சிஃபையர் சற்றுக் கறாரானது. 75 டிகிரியில் கலந்து, சூட்டில் மட்டும் பிளெண்டர் போட்டு, பிறகு கரண்டியால் மெதுவாக, அவசரமில்லாமல் ஆறவிட வேண்டும். ஆறும்போதுதான் அதன் திரவப் படிக அடுக்குகள் உருவாகின்றன. ஐஸ் தண்ணீரில் வைத்துச் சீக்கிரம் குளிர்வித்தால் பதம் கூழாகிவிடும். பாதி குளிர் முறை இதற்கு ஆகாது.

அளவும் செய்முறையும்

லோஷன், 200 கிராம்: டிஸ்டில்ட் வாட்டர் 140, கிளிசரின் 6, சூரியகாந்தி எண்ணெய் 30, ஷியா பட்டர் 6, எமல்சிஃபையிங் வேக்ஸ் 10, சீட்டைல் ஆல்கஹால் 4, வைட்டமின் இ 1, ஃபீனாக்ஸிஎத்தனால்–எத்தில்ஹெக்ஸைல்கிளிசரின் கலவை 2, வாசனை 1. எண்ணெய், பட்டர், சீட்டைல் ஆல்கஹால் மூன்றும் 40 கிராம். அதில் கால் பங்கு எமல்சிஃபையிங் வேக்ஸ். எண்ணெயைக் கூட்டினால் வேக்ஸையும் இந்தக் கணக்கில் கூட்டுங்கள்.

கண்டிஷனர், 200 கிராம்: டிஸ்டில்ட் வாட்டர் 171, கிளிசரின் 4, பி.டி.எம்.எஸ். 50 வகை 8, சீட்டைல் ஆல்கஹால் 6, தேங்காய் எண்ணெய் 4, பாந்தெனால் (வைட்டமின் பி5-இன் ஒரு வடிவம்) 4, அதே பிரிசர்வேட்டிவ் 2, வாசனை 1.

லோஷனுக்கு முதல் முறை, கண்டிஷனருக்கு ஒரே பாத்திரம். பாந்தெனால், வைட்டமின் இ, பிரிசர்வேட்டிவ், வாசனை நான்கும் 45 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு. மற்ற எல்லாம் சூட்டில். கலக்கும் முன் ஹேண்ட் பிளெண்டரின் தலையை வெந்நீரில் வைத்துச் சூடேற்றித் துடைத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் கலவையைக் குளிர்ந்த எவர்சில்வர் தலை சில டிகிரி இறக்கிவிடும். எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றினாலும், தண்ணீரை எண்ணெயில் ஊற்றினாலும் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் பெரிய வித்தியாசம் வராது. பிளெண்டரை அடியில் அழுத்திப் பிடித்து 20 நொடி ஓட்டி, ஒரு நிமிடம் கையால் கிளறி, மறுபடி 20 நொடி. மூன்று நான்கு சுற்று போதும். தலையை மேலே தூக்கினால் காற்று உள்ளே போய் லோஷன் நுரைத்துவிடும். 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் பிளெண்டரை எடுத்துவிட்டுக் கரண்டிக்கு மாறுங்கள். சீட்டைல் ஆல்கஹால் கட்டும் வலைப்பின்னலை அந்தக் கட்டத்தில் வேகமாக அடித்தால் உடையும், லோஷன் நிரந்தரமாக நீர்த்துப் போகும்.

40 டிகிரியில் லோஷன் மோர் மாதிரி இருப்பதைப் பார்த்து எமல்சிஃபையரைக் கூட்டாதீர்கள். முழுக் கெட்டி வர 24 மணி நேரம் ஆகும். கண்டிஷனரின் பி.எச். 4 முதல் 5 இருக்குமாறு, 10 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, பி.எச். தாளில் சோதியுங்கள்.

கெட்டுப்போனதைப் படிப்பதும் மீட்பதும்

கலக்கும் போதே திரிந்த பால் மாதிரி ஆனால் இரண்டு பகுதிக்கும் சூடு வேறு. வெள்ளைக் குருணை விரலில் நெருடினால் ஸ்டியரிக் அமிலமோ பி.டி.எம்.எஸ்ஸோ உருகவில்லை. குருணை முதலில் இல்லாமல் ஒரு வாரம் கழித்து வந்து, தோலில் தேய்த்ததும் கரைந்தால் அது ஷியா பட்டர். ஒரே இரவில் அடியில் தண்ணீர் தேங்கினால் சூடு போதவில்லை, அல்லது எமல்சிஃபையர் அளவு குறைவு. இரண்டு மூன்று வாரம் நன்றாக இருந்து பிறகு பிரிந்தால் கலக்கியது போதவில்லை, அல்லது கற்றாழை போன்ற உப்புள்ள பொருளைத் தாராளமாகப் போட்டாயிற்று. புளிப்பு வாடையோ கரும்புள்ளியோ வந்தால் மீட்க நினைக்காமல் கொட்டிவிடுங்கள்.

முதல் நாளே தெரிந்த குருணையையும் பிரிவையும் மீட்கலாம். முழுவதையும் எடை போட்டு, மூடி, வெந்நீரில் 75 டிகிரிக்கு ஏற்றி 20 நிமிடம் நிறுத்துங்கள். குறைந்த எடையைச் சுடுநீரால் ஈடுகட்டி, மறுபடி அதே பிளெண்டர் சுற்றுகள். பிரிசர்வேட்டிவும் வாசனையும் ஏற்கெனவே சேர்த்திருந்தால் இந்தச் சூட்டில் ஒரு பகுதி பறந்துபோயிருக்கலாம், எவ்வளவு மிஞ்சியது என்று வீட்டில் அளக்க வழியில்லை. முழு அளவை மறுபடி போட்டால் ஃபீனாக்ஸிஎத்தனால் ஐரோப்பிய விதிகள் அனுமதிக்கும் 1 சதவீதத்தைத் தாண்டிவிடலாம், போடாமல் விட்டால் பாதுகாப்பு குறையலாம். அப்படி மீட்டதை முகத்துக்கு வேண்டாம். கைகால்களுக்கு மட்டும் வைத்து, குளிர்பதனப் பெட்டியில் போட்டு, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பிரிசர்வேட்டிவ் சேர்க்கும் முன் 50 டிகிரி வாக்கில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி வெளிச்சத்தில் பார்த்துவிட்டால் இந்த இக்கட்டே வராது: வழவழவென்று இருந்தால் மேலே போகலாம், ஒரு புள்ளி தெரிந்தாலும் பாத்திரம் வெந்நீருக்கே திரும்பட்டும்.